கிணற்றுத் தண்ணீரில் துருக்கறை, முட்டை நாற்றம்: மணலுக்கு முன்னால் காற்று

சில வருடமாகப் புழங்கிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: நாற்றம் சீக்கிரம் போய்விடும். இரும்புக்குத்தான் தொடர்ந்து மெனக்கெட வேண்டும்.

எங்கள் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது. குளிக்க, துவைக்க எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். ராத்திரி நிரப்பிய வாளியின் அடியில் காலையில் செம்மண் நிற வண்டல் கிடக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக் காலர் பழுப்பேறியது. குளியலறையில் கழற்றி வைத்த வெள்ளிக் கொலுசு கறுத்துப்போனது. அது ஹைட்ரஜன் சல்பைடின் வேலை.

ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில் இரும்பு, லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பிஎச் 7-க்குக் கீழே, அதாவது புளிப்புத் தண்ணீர். கடைக்காரர் ஒருவர் மெல்லிய பஞ்சு கார்ட்ரிட்ஜ் போதும் என்று அடித்துச் சொன்னார். போதாது. கரைந்திருக்கும் இரும்பு எந்தப் பஞ்சிலும் நிற்காது. காற்றுப் பட்டுத் துருவாக மாறினால்தான் வடிகட்டியில் சிக்கும்.

அதனால் முதலில் காற்று. கிணற்றிலிருந்து வரும் பைப்பின் முனையில் பொடி ஓட்டைகள் போட்ட பிவிசி குழாயை மாட்டி, தண்ணீர் தூறலாகத் தாங்கியில் விழும்படி செய்தோம். தாங்கியின் மேலே காற்றுப் போக்கியும் கொசுவலையும் உண்டு. புளிப்புத் தண்ணீரிலிருந்து நாற்ற வாயு எளிதில் பிரியும், ஆனால் இரும்பு மெதுவாகத்தான் துருவாகும். எனவே தூறலுக்குப் பிறகுதான் சுண்ணாம்புக்கல்; அது பிஎச்சை உயர்த்துகிறது. கல்மேல் துரு படியும், எடுத்து அலச வேண்டும். சலிப்பான வேலைதான், தள்ளிப்போட்டால் கறை திரும்பிவிடுகிறது. இதற்கெல்லாம் பிறகுதான் துருவைப் பிடிக்கும் மாங்கனீஸ் மணல் வடிகட்டி.

பேக்வாஷ் செய்யும்போது, அதாவது வடிகட்டிக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலை அலசும்போது, நின்று பாருங்கள். முதலில் கெட்டியான தேநீர் நிறத்தில் வரும், பிறகு ஆரஞ்சு, பிறகு வெளிர் மஞ்சள். தெளிந்த பிறகே வால்வைத் திருப்ப வேண்டும். பம்ப் வேகம் குறைவாக இருந்தால் மணல் கிளம்பாது, அழுக்கு உள்ளேயே இறுகிவிடும். வடிகட்டி வாங்கும் முன் பம்பைக் கவனியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பழைய துருக்கறைக்கு பிளீச் போடவே போடாதீர்கள், கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ போதும். இவற்றைப் பிளீச்சோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

சுடுதண்ணீர் மட்டும் நாறினால் கிணற்றைக் குறை சொல்லாதீர்கள். தொட்டி ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியைப் பாருங்கள், அதனாலும் இந்த நாற்றம் வரும். கழிவறைத் தொட்டி மூடியைத் திறந்தால் செந்நிறக் கோழை படிந்திருக்கிறதா? அது இரும்புப் பாக்டீரியா. அதற்குக் கிணற்றையே குளோரின் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

குடிக்க, சமைக்க இன்றும் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர்தான். தோட்டத்து உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டை இந்த மணல் பிடிக்காது, கிருமியையும் நம்பிக்கையாகத் தடுக்காது.