கோபர் கேஸ்: இரும்பு டிரம்மா, தீனபந்துவா?

சாணத்திலிருந்து அடுப்புக்கு எரிவாயு எடுக்கும் கலன்களில் இங்கே இரண்டு வகை: வாயு சேரச்சேர ஏறி, தீரத்தீர இறங்கும் இரும்பு டிரம் கொண்டது ஒன்று; மண்ணுக்குள் அசையாத செங்கல் கும்மட்டமாகக் கட்டும் தீனபந்து மற்றொன்று. நாலைந்து மாடு இருந்தால் தினம் 50 கிலோ சாணம் தேறும். 2 கன மீட்டர் கலனுக்கு அது போதும்; ஐந்தாறு பேர் வீட்டில் அடுப்பு எரியும். எந்த வகை என்றாலும் சாணமும் தண்ணீரும் சம அளவு. கரைசல் கெட்டியானால் மேலே ஆடை கட்டி வாயு சரியாக வராது.

செலவு: டிரம் வகையில் இரும்புதான் பணத்தைத் தின்னும். தீனபந்து செங்கல்லும் சிமெண்டும்தான், மலிவு.

கட்டுமானம்: டிரம் பட்டறையில் தயாராகி வரும். தீனபந்துவின் கும்மட்டத்துக்குப் பழகிய கொத்தனார் வேண்டும். உள்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு கசியும். இங்கே கூலியில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அழுத்தம்: டிரம்மின் எடை மாறாததால் தீ சீராக எரியும், எவ்வளவு வாயு மிச்சம் என்பது டிரம் உயரத்திலேயே தெரியும். தீனபந்துவில் நிறைந்தபோது சீறும், தீரத்தீரத் தணியும்.

பராமரிப்பு: டிரம்முக்கு ஆண்டுதோறும் பெயிண்ட், இல்லாவிட்டால் துரு ஓட்டை போடும். தினம் ஒருமுறை டிரம்மைச் சுற்றிவிட்டால் ஆடை உடையும். தீனபந்துவில் துருப்பிடிக்க டிரம் இல்லை.

குளிர்: மண்ணுக்குள் இருக்கும் தீனபந்து சூட்டைக் காக்கும். இரும்பு சீக்கிரம் குளிர்ந்து வாயு குறையும்.

(தீ திக்கித்திக்கி எரிந்தால் கலனைக் குறை சொல்லாதீர்கள். குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும்; தாழ்வான இடத்தில் வடிகுழாய் வையுங்கள்.)

நல்ல கொத்தனார் கிடைத்தால், குளிரும் மலையடிவார ஊரென்றால், தீனபந்து. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் ஊரில் குழி தோண்டுவதே பாடு. அங்கே ஆழக் குழி கேட்கும் டிரம்மைத் தவிருங்கள். ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்கும் பொறுமையும் வறண்ட மண்ணும் இருந்தால் டிரம்.