டொமைனை வாங்குகிறேன், சான்றிதழ் மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று மெயில் வந்தால்

சும்மா கிடக்கும் உங்கள் டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியை, யாராவது பெரிய விலைக்குக் கேட்டு மெயில் போட்டிருக்கிறார்களா? பதில் எழுதும் முன் எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிடுங்கள்.

அண்ணன் பினாங்கில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் மசாலைத் தூள் கடை வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரையும் தூளின் பெயரையும் சேர்த்து எப்போதோ வாங்கிப் போட்ட டாட் காம் ஒன்றை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு மட்டும் இருந்தார். விற்றுவிடலாமா, தளம் கட்டலாமா என்ற பேச்சு வீட்டில் ஓயாது. ஒருவழியாக, தீபாவளிக்குள் ஆர்டர் பக்கம் போட்டுவிடுவது என்று முடிவாகி, பட்டர்வொர்த் ஊரில் தளம் கட்டும் தம்பி ஒருவர் 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) செய்து தர ஒப்புக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மெயில் வந்தது.

தன்னை டொமைன் தரகர் என்று சொல்லிக்கொண்டவர், தன்னுடைய முதலீட்டாளர் 18,000 அமெரிக்க டாலர் தருவார் என்று எழுதியிருந்தார். 2019இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றதையும் உதாரணம் காட்டியிருந்தார். அது உண்மைதான். ஆனால் அது ஆங்கிலத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் ஒற்றைச் சொல். வாங்கியதும் பணம் கொழுத்த பிளாக்செயின் நிறுவனம். மீன் கறித் தூள் பெயருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அண்ணன் 20,000 கேட்டார். அடுத்த மெயிலிலேயே சரி என்றார்கள். பேரமே பேசாமல் வாங்குகிற ஆளை மார்க்கெட் ஸ்திரீட்டில் யாராவது பார்த்ததுண்டா?

அப்புறம்தான் சங்கதி வெளியே வந்தது. முதலீட்டாளருக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டுமாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தானியங்கி மதிப்பீடு செல்லாதாம். ஆள் பார்த்துப் போட்டதாக இருக்க வேண்டுமாம். “எந்த நிறுவனம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடிக்கொள்ளுங்கள்” என்று நல்லவர் மாதிரி எழுதிவிட்டு, கூடவே ஒரு கேள்வி பதில் பக்கத்தின் இணைப்பையும் அனுப்பியிருந்தார். அங்கே ஒருவர் இதே கேள்வியைக் கேட்க, இன்னொருவர் ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார். கேட்டவர், சொன்னவர், மதிப்பீட்டாளர், தரகர் எல்லாமே ஒரே கூட்டம் என்பதுதான் என் கணிப்பு.

கட்டணம் 120 டாலர், நம் காசுக்கு 500 வெள்ளிக்கு மேல். அண்ணன் கார்டில் கட்டினார். பிடிஎஃப் வந்தது. தங்க நிற முத்திரை, கிறுக்கலாக ஒரு கையெழுத்து, மதிப்பு 26,500 டாலர். ‘துறை’ என்ற கட்டத்தில் ‘சுற்றுலா, தங்கும் விடுதி’ என்று போட்டிருந்தார்கள். பெயரில் பினாங்கைப் பார்த்ததும் ஹோட்டல் என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஆள் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்!

தரகருக்குப் பரம திருப்தி. ஆனால் இன்னொரு சான்றிதழ் வேண்டுமாம், வர்த்தக முத்திரைச் சிக்கல் இல்லையென்று. அதற்குத் தனியாக 180 டாலர். அப்போதுதான் அண்ணன் என்னிடம் காட்டினார். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் பக்கத்தில் எந்த டாட் காம் பெயரைப் போட்டாலும், அது பதிவான தேதியைப் பார்க்கலாம், காசு கிடையாது. ‘2009 முதல் நம்பிக்கையான சேவை’ என்று பீற்றிக்கொண்ட மதிப்பீட்டு நிறுவனத்தின் தளம் பதிவாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதைக் கேட்டு எழுதியதோடு தரகர் காணாமல் போனார்.

அந்த 500 வெள்ளிகூடப் பெரிதில்லை. ‘விற்கப் போகிற பெயருக்கு எதற்குத் தளம்’ என்று பட்டர்வொர்த் தம்பியைக் காத்திருக்கச் சொல்லியிருந்தோம். அவர் எத்தனை நாள்தான் காத்திருப்பார், வேறு வேலையை எடுத்துக்கொண்டார். தீபாவளி ஆர்டர்கள் எல்லாம் பழையபடி வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போக வேண்டிய பார்சல்கள் சில முகவரி மாறிப் போயின. சிலருக்குப் பதில்கூடப் போகவில்லை. வயிற்றெரிச்சல் அங்கேதான்.

நிஜமாகவே வாங்க வருபவர், இன்ன இடத்தில் மதிப்பீடு எடுத்து வா என்று விற்பவரைச் செலவு செய்ய வைப்பதில்லை. விலை என்ன போகும் என்று அவரே பார்த்துக்கொள்வார். இதே மாதிரிப் பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று நேம்பயோ (NameBio) தளத்தில் நீங்களும் தேடலாம். விலை பேசி முடிந்ததும் பணம், இருவருக்கும் நடுவில் நின்று அதை வைத்துக்கொள்ளும் எஸ்க்ரோ சேவையில் போய் உட்காரும். பெயர் கை மாறியதும் உங்களுக்கு வரும். அந்த எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறங்கள், அவர்கள் அனுப்பும் இணைப்பில் போகாதீர்கள். பணம் எஸ்க்ரோவுக்கு வந்தது உறுதியாகும்வரை, டொமைனை மாற்றுவதற்கான ‘ஆத் கோட்’ என்ற ரகசியக் குறியீட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எங்களுடையதைப் போன்ற பெயருக்குப் பின்னால் ஓடுகிற கடை இருந்தால்தான் மதிப்பு. அதை வாங்க ஆள் வந்தால் இதே தொழிலில் இருப்பவராகத்தான் வருவார், பெரும்பாலும் போனில் கூப்பிட்டே பேசுவார்.

கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிட்டு ஆட்சேபம் பதியுங்கள். பணம் அப்போதுதான் போயிருந்தால் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடியுங்கள். அண்ணனின் ஆட்சேபம் இன்னும் வங்கியில் நிலுவையில்தான் இருக்கிறது. போன வாரம் வேறொரு பெயரில் இன்னொரு தரகர் எழுதியிருந்தார். வரிக்கு வரி அதே மெயில், விலை மட்டும் 24,000.