சொந்தப் பெயரா, புனைபெயரா, பெயரே வேண்டாமா?

என் தோழி ஒருத்தி இரண்டு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமில் புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தாள். மணமுறிவுக்குப் பிறகு ஒரு சின்ன ஊரில் தனியாகக் குழந்தை வளர்க்கும் கதை. முகம் காட்டியதில்லை, ஊர்ப் பெயர் சொன்னதில்லை. ஒருநாள் புளியோதரை வைத்த எவர்சில்வர் சம்படத்தைப் படம் பிடித்துப் போட்டாள். மூடியின் ஓரத்தில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில், அவள் பாட்டியின் பெயரும் ஒரு கல்யாணத் தேதியும். சொந்தக்காரர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே அவள் அம்மாவுக்குப் போன் வந்தது: "உன் பொண்ணு வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்லிட்டிருக்கா, தெரியுமா?" மறுநாள் அந்தக் கணக்கு இல்லை.

"தைரியம் இருந்தா சொந்தப் பெயரில் எழுதியிருக்கலாமே" என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை. சொந்தப் பெயர், நிலையான புனைபெயர், பெயரே இல்லாத கணக்கு என்ற மூன்றில் எது நியாயமானது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்தப் பெயரில் எழுதுவதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. மருந்து பற்றி ஆலோசனை சொல்பவர், செய்தி தருபவர், மற்றவர் காசை எங்கே போடலாம் என்று வழிகாட்டுபவர், இவர்கள் எல்லாம் பெயரோடுதான் பேச வேண்டும். அவர்கள் யார் என்பதை வைத்துத்தான் சொல்வதை நம்பலாமா என்று முடிவு செய்கிறோம். ஆனால் சொந்தப் பெயருக்குக் கொடுக்கிற விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. நம் ஊரில் ஒரு பெயரைக் கேட்டாலே பல நேரம் மதம் தெரிந்துவிடும். இரண்டு கேள்வி கூடக் கேட்டால் சாதியும் தெரிந்துவிடும். அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. ஒரு பெண் தன் பெயரில் கருத்துச் சொன்னால், பதில் கருத்துக்கு வருவதைவிட அவள் குடும்பத்துக்கு வருவதுதான் அதிகம். வசதியாக இருப்பவர் "பெயரைப் போடு" என்று சொல்வது சுலபம்.

அப்புறம், கட்டாயம் என்று வந்தால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியா செய்தே பார்த்துவிட்டது. 2007-ல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுபவர் தன் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. 2009-ல் அதை, நாளுக்கு 1 லட்சம் பேர் வரும் தளங்கள் வரைக்கும் விரித்தார்கள். வசவு குறையும் என்பதுதான் நம்பிக்கை. 2011-ல் அங்கே பிரபலமான நேட், சைவேர்ல்ட் தளங்களுக்குள் திருடர்கள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படியாகக் குறையவில்லை, மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பவை அது சொன்ன காரணங்களில் இரண்டு. எல்லாருடைய பெயரையும் ஓரிடத்தில் குவித்தால் அந்த இடத்துக்குத் திருடன் வருவான். 2018-ல் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது எனக்குப் பயம் வந்தது இதனால்தான்.

சரி, பெயரே இல்லாமல் எழுதினால்? இதற்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: மொட்டைக் கடுதாசி. கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்து அந்தக் கல்யாணமே நின்றுபோன கதை கேட்காதவர்கள் குறைவு. இன்று திறந்து, திட்டிவிட்டு, நாளைக்கு மூடிவிடும் கணக்கு செய்வதும் அதேதான். எழுதியவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. எழுதப்பட்டவர்தான் எல்லாவற்றையும் இழக்கிறார். ஆனாலும் மொட்டைக் கடுதாசி எல்லாமே பொய்யும் அல்ல. வேறு வழியே இல்லாமல் உண்மையைச் சொன்னவையும் அதில் உண்டு.

சத்யேந்திர துபே என்ற பொறியாளர் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பணியாற்றியவர். சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பெயரை மறைக்காமல் எழுதி, வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அது கொள்ளை முயற்சியில் நடந்த கொலை என்று சிபிஐ முடித்தது. ஆனால் அவர் நம்பிக் கொடுத்த பெயரைக் காப்பாற்றவில்லையே என்ற கோபம் நாடு முழுக்க எழுந்தது. 2004-ல் முறைகேட்டை அம்பலப்படுத்துபவர்களுக்காக மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதும் புகாரில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். உறைக்கு வெளியே எழுதக் கூடாது. ஆணையம் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும். மொட்டை மனுவை அது எடுத்துக்கொள்வதில்லை.

உள்ளே பெயர், வெளியே இல்லை என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் வருவது நிலையான புனைபெயர்தான். அதனால்தான் என் ஓட்டு அதற்கு. ஒரே பெயரில் வருஷக்கணக்கில் எழுதுபவருக்கு அந்தப் பெயரே சொத்தாகிவிடுகிறது. போன மாதம் சொன்னதை இந்த மாதம் மாற்றினால் வாசகர் கேட்பார். பொய் சொல்லிப் பிடிபட்டால் அந்தப் பெயர் போய்விடும். சட்டத்துக்கும் அவர் எட்டாதவர் அல்ல. இந்தியாவில் சிம் கார்டு அடையாள ஆவணம் கொடுத்து வாங்குவது. கணக்கு பெரும்பாலும் அந்த எண்ணில் இருக்கும். குற்றம் என்றால் போலீஸ் முறைப்படி தளத்திடம் கேட்டு வாங்கலாம். போலீசுக்குத் தெரியக்கூடிய பெயர் அத்தை மாமாவுக்கும் தெரிய வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

புனைபெயரின் பலவீனம் அந்தச் சம்படம்தான். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம், போதாது. இதை நம் முன்னோர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவன், தலைவி யார் என்று பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் பெயரே இல்லை. ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு வேம்பால் ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் அல்ல, புறம் என்றார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரைப் பற்றி 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பெயர் மட்டுமல்ல, ஆளைக் கண்டுபிடிக்க உதவும் எந்த விவரத்தையும் வெளியிடக்கூடாது. அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்முறை வழக்கில் 2024 டிசம்பரில் மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம், பள்ளிச் சீருடை, பால் பாக்கெட் என எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படம் போடுங்கள். போனில் இருக்கும் எண்களை ஏற்ற அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் செயலியே உங்கள் கணக்கைச் சொந்தக்காரருக்குப் பரிந்துரைக்கக்கூடும். வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தால் எண் மற்றவர்களுக்குத் தெரியக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் எல்லாக் கவனத்தையும் எழுதுகிறவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்தச் சொந்தக்காரர், பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்தது அவர் செய்த தப்பு. அவர் தன் சொந்தப் பெயரில்தான் அதைச் செய்தார்.

அவள் இப்போது வேறு ஒரு பெயரில் மறுபடி எழுதுகிறாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, ஆனா பாத்திரத்தையும் சாப்பாட்டையும் மாத்திடு" என்றாள். மாற்றியிருக்கிறேன்.