பூ கட்டும் கைகள்: குரல் பதிவா, காணொளியா?

சிங்கப்பூரின் தேக்காவில் மாலை கட்டுபவரின் கைப்பழக்கத்தைப் பதிவு செய்வதென்றால், உட்காரவைத்துக் குரலை மட்டும் எடுப்பதா, கட்டும்போதே காணொளி எடுப்பதா?

1979இல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் பெரும்பாலும் குரலாகவே சேர்ந்தவை. காரணம் உண்டு. கேமரா இல்லாத அறையில் பெரியவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். யாரிடம் கற்றார்கள், பூ வராத நாளில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் உச்ச ஒலி -12 டெசிபலைத் தாண்டவேண்டாம். கருவியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் (மோனோ) என்று வைத்தால் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். வீவக (அரசு அடுக்குமாடி) வீடானால் சன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஆனால் "எப்படிம்மா கட்டுவீங்க?" என்றதும், "இப்படி மடிச்சு, அப்படி ஒரு சுத்து" என்பார். கை காட்டியது பதிவில் இராது. "நாரு விரலுக்கு மேலயா, கீழயாம்மா?" என்று உடனே கேளுங்கள். அப்படியும் முடிச்சின் இறுக்கம் சொல்லில் அடங்காது. அதிகம் இழுத்தால் மல்லிகைக் காம்பு அறும், தளர்ந்தால் பூ நழுவும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும்.

அதற்குக் காணொளிதான் வேண்டும். எதிரே நின்று எடுத்தால் இடமும் வலமும் மாறிக் கற்பவர் குழம்புவார். கட்டுபவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியில் இல்லாவிட்டால் கடை விளக்கொளியில் படம் பட்டை பட்டையாக மினுக்கலாம். வாழைநாரை நனைப்பதிலிருந்து ஒரு முழம் முடியும்வரை நிறுத்தாமல் எடுங்கள். மெதுவாகக் கட்டச் சொன்னால் கையின் தாளமே மாறிவிடும். அது இரண்டாவது பதிவாக இருக்கட்டும்.

சிலரைச் சேர்த்துவைத்துப் பேசவிடுவதும் உண்டு. மறந்த பெயர்கள் திரும்பும். ஆனால் மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் மறுக்கத் தயங்குவார்கள், குரல்களைப் பிரித்து எழுதுவதும் பெரும்பாடு.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் காணொளியையே எடுங்கள். கை நடுங்கிக் கட்டுவதை விட்டவரிடம் குரல் போதும். இரண்டும் முடியுமானால் குரல் முதலில். எழுத்தாக்கும்போது "இப்படி", "அப்படி" வரும் இடங்களையெல்லாம் குறித்துவையுங்கள். காணொளியில் பிடிக்கவேண்டியவை அவைதான். ஒப்புதல் மட்டும் தனித்தனியாக வாங்கவேண்டும். குரலுக்கு இசைந்தவர் முகத்துக்கும் இசைந்ததாகாது. முகம் வேண்டாம் என்பவருக்குக் கைகள் மட்டும் தெரிந்தால் போதும்.