பிஜி 2006: ஒதுக்கி வைப்பதா, உறவைத் தொடர்வதா?

2006 டிசம்பர் 5 அன்று ராணுவத் தளபதி ஃபிராங்க் பைனிமராமா பசிபிக் தீவு நாடான பிஜியின் ஆட்சியைப் பிடித்தார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ராணுவத்தினருக்கும் ஆட்சியில் இருந்தவர்களுக்கும் பயணத் தடை போட்டன. இது சரியான இடத்தில் வைத்த அடி என்றே நினைக்கிறேன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைத் துறைக்கான உதவியை நிறுத்தியபோது பாரம் கரும்பு விவசாயிகள் தலையில் விழுந்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஊர்க்காரர்களின் வாரிசுகளும் அவர்களில் உண்டு. ஆட்சியைப் பிடித்தது அவர்களா என்ன? 2009-இல் பசிபிக் தீவுகள் மன்றமும் காமன்வெல்த்தும் பிஜியை இடைநீக்கம் செய்தன.

சீனா உறவையும் உதவியையும் தொடர்ந்தது. சாலைகள் வந்தன, சரி. ஆனால் தேர்தல் நடத்தத் தளபதிக்கு அவசரம் இல்லாமல் போனது. தேர்தல் 2014-இல்தான் நடந்தது. வென்றவரும் பைனிமராமாவே.