சொற்பொழிவா, வாசிப்புக் குழுவா?

தத்துவ மன்றம் நடத்தும் மாணவர்களிடையே ஆண்டுத் தொடக்கத்தில் தவறாமல் எழும் வழக்கு இது: பேச்சாளரை அழைப்பதா, நாமே ஒரு நூலை எடுத்துப் படிப்பதா?

சொற்பொழிவுக்குக் கூட்டம் சேரும். தத்துவ வாசனையே அறியாத பொறியியல் மாணவரும் எட்டிப் பார்ப்பார். ஆனால் பேச்சாளர் ஐம்பது நிமிடத்தை விழுங்கிவிடுவார். மிஞ்சியதை, "கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று எழும் முன்வரிசைப் பேராசிரியர் எடுத்துக்கொள்வார். 1878இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தத்துவ மன்றமான மாரல் சயின்சஸ் கிளப் இதற்கு 1912இல் மருந்து கண்டது: கட்டுரை வாசிப்பு பொதுவாக ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதே ஆண்டு, பின்னாளில் பெரும் தத்துவ அறிஞரான மாணவர் விட்கன்ஸ்டைன் 'தத்துவம் என்றால் என்ன?' என்ற கட்டுரையைச் சுமார் நான்கே நிமிடத்தில் முடித்தார். எத்தனை பேச்சாளர்களுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

வாசிப்புக் குழுவில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். ஆனால் ஒளிய இடமில்லை. 1641இல் வெளியான, பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்தின் 'தியானங்கள்' ஆறு பகுதிகள் கொண்டது. வாரத்துக்கு ஒன்று போதும். நெருப்பருகே அமர்ந்திருப்பது கனவாகவும் இருக்கலாமே என்று அவர் ஐயுறும் இடத்தில் ஒரு மணி நேரம் சிக்கி நிற்கலாம். "அப்படியானால் கனவில் போட்ட கணக்கும் தவறா?" என்று யாராவது கிளப்புவார்கள், அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. மூன்றாம் பகுதியில் கடவுள் நிரூபணம் வந்ததும் பாதிப் பேர் காணாமல் போவதும் உண்டு.

என் வாக்கு வாசிப்புக் குழுவுக்கே. பருவத்துக்கு ஒரு சொற்பொழிவு போதும். அதற்கும் கட்டுரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள்.