கூழாங்கல் ரெசின் தளம்: நான்கு மழைக்காலம் கண்ட பிறகு

எங்கள் வீடு கோவையில் வடவள்ளிப் பக்கம். சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே உயர்த்திப் போட்டதில் வாசல் பள்ளமாகிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் கேட்டிலிருந்து படி வரைக்கும் தண்ணீர் கட்டி நிற்கும். வடிய இரண்டு நாளாகும். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய உறிஞ்சுகுழி பத்தடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் இடையில் கிடந்த சிமென்ட் தளம் ஒரு சொட்டைக்கூட மண்ணுக்குள் விடவில்லை. அதை உடைத்தெடுத்துவிட்டு, ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) பிணைத்த கூழாங்கல் தளம் போட்டோம். 22 அடி நீளம், 4 அடி அகலம். 2021 பிப்ரவரியில் போட்டது.

அது இரண்டாம் முயற்சி. முதல் முயற்சி 2020 அக்டோபரில் பாழானது. ஒப்பந்தக்காரர் கல் மூட்டைகளைத் தரையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். இரண்டு நாள் தூறல். மூன்றாம் நாள் வெயில் வந்ததும் கலக்க ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்தில் தளத்தின் மேல் வெள்ளையாக நுரை கிளம்பியது, அடுப்பில் பால் பொங்குவதைப் போல. பாலியூரித்தேன் என்ற வகை ரெசினில், அதை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்டனர் ஈரத்தைக் கண்டால் அதனோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். அந்த வாயுதான் நுரையாகிறது. நுரைத்த இடத்தில் பிடிப்பு இருக்காது. போதாக்குறைக்கு அவர்கள் கொண்டுவந்தது மெழுகு தடவிப் பளபளப்பாக்கிய கல். மறுநாள் செருப்புக் காலால் தேய்த்தாலே உதிர்ந்தது. கொடுத்த முன்பணம் போனது போனதுதான்.

ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது கல்லின் நிறத்தைப் பற்றியல்ல, ஈரத்தைப் பற்றி. இரண்டாம் முறை கல்லை நானே வாங்கினேன். மெருகேற்றாத கல், 3 முதல் 6 மி.மீ. வரை சலித்தது. கடைகளில் அதிகம் கிடைக்கும் பெரிய கூழாங்கல் கண்ணுக்கு அழகுதான். ஆனால் கல் பெரிதானால் ஒன்றையொன்று தொடும் இடங்கள் குறைந்து, பிடிப்பும் குறையும். கழுவி, மொட்டை மாடியில் நான்கு நாள் நெல் காயவைப்பதுபோல் பரப்பிக் கிளறிவிட்டேன். பொழுது சாய்ந்ததும் அள்ளி வீட்டுக்குள் வைத்துவிடுவேன். பனி இறங்கினாலும் ஈரம்தானே.

ரெசின் வாங்கும்போது வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் விலை குறைவு என்று பலர் பரிந்துரைப்பார்கள். திண்ணை ஓரத்தில் சிறு பட்டை ஒன்றை நான் எபாக்ஸியில் போட்டுப் பார்த்தேன். கூரை நிழல் விழும் பாதி இன்றும் நன்றாக இருக்கிறது. வெயில் படும் பாதி ஒரே கோடையில் மஞ்சளித்துவிட்டது.

இன்னொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தரையில் ரெசினைத் தடவி அதன்மேல் கல்லைத் தூவி ஒட்டுவது ஒரு முறை. அதில் தண்ணீர் இறங்காது. கல்லையும் ரெசினையும் கலந்து கரணையால் பரப்புவது வேறு முறை. கற்களுக்கிடையே துளை இருப்பதால் தண்ணீர் இறங்கும். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

மேல் தளம் வெறும் 15 மி.மீ. கனம்தான். சுமையைத் தாங்குவது அடித்தளம். ஆறு அங்குலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட். கான்கிரீட்டில் இரண்டடிக்கு ஒன்றாக பிவிசி குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாக நட்டு, அவற்றினுள் சின்ன ஜல்லி நிரப்பினோம். மேலே இறங்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே மண்ணுக்கும் உறிஞ்சுகுழிக்கும் போகிறது. துளை விடாத கான்கிரீட்டின் மேல் இதைப் போட்டால் தண்ணீர் இறங்கியும் பயனில்லை, அடியில் தேங்கி நிற்கும். கான்கிரீட் முழுதாக இறுகி உலர 28 நாள் காத்திருந்தோம். கான்கிரீட் சுருங்கி விரிய விட்ட இணைப்பு இடைவெளி இருந்த இரண்டு இடங்களில் ஒன்றின் மேல் மேஸ்திரி அழகு கருதித் தொடர்ச்சியாகப் பூசிவிட்டார். இரண்டாம் கோடையில் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே மயிரிழை விரிசல் வந்தது. இடைவெளியை மேல்வரை கொண்டுவந்த மற்ற இடத்தில் ஒன்றுமில்லை.

போடும் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிந்தது. வெயில் ஏறினால் ரெசின் கையிலேயே இறுகும். மொத்தம் 200 கிலோ கல், 15 கிலோ ரெசின், நான்கு கலவை. ஒவ்வொரு கலவையையும் கடிகாரம் பார்த்து ஒரே நேரம் கலக்கச் சொன்னேன். மூன்றாவதை மட்டும் கண் பார்வையில் விட்டார்கள். அந்த இடம் இன்றும் சற்றுக் கருத்துத் தெரிகிறது. இறுகுவதற்கு முன் மேலே பருக்கை மணல் தூவியது நல்ல முடிவு. அம்மாவுக்கு எழுபது வயது. மழையில் ஒரு நாளும் வழுக்கவில்லை.

செலவு பேவர் பிளாக்கைவிட இரு மடங்குக்கு மேல். பலன் உண்டா என்றால், உண்டு. 2021 நவம்பரில் விடிய விடியப் பெய்த மழைக்குப் பின் காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் தேங்கிய தண்ணீரே இல்லை. இருபது வருடமாகக் காணாத காட்சி. அன்று வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ஆனால் துளை அடைபடும். மூன்றாம் ஆண்டில் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. வேப்பம்பூ உதிர்ந்து மக்கியது ஒரு காரணம். மார்கழியில் தெளித்த சாணக்கரைசல் இன்னொன்று. மிதமான அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் பெரும்பாலும் சரியானது. இப்போது வாரம் இருமுறை விளக்குமாற்றால் பெருக்குகிறோம்; ஆண்டுக்கு இருமுறை, வேப்பம்பூக் காலம் முடிந்ததும் ஒருமுறையும் மழைக்கு முன் ஒருமுறையும், பீய்ச்சிக் கழுவுகிறோம். நாவல் பழக் கறையை அன்றே கழுவாவிட்டால் போகாது. பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது.

கோலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் படிவரை கல்லைக் கொண்டுபோயிருந்தோம். அரிசி மாவு துளைக்குள் விழுந்து கோடே நிற்கவில்லை. “கோலம் போட இடமில்லாத வாசல் என்னடா வாசல்?” என்று அம்மா கேட்டார். அவர் கேட்டது நியாயம். இரண்டாம் முறை படியின் முன் நான்கடிக்கு நான்கடி கருங்கல் பாவினோம். சாணம் தெளிப்பதும் இப்போது அந்தக் கல்லில் மட்டும்தான். தளம் போடும் வேலை தொடங்குமுன் வரைபடத்திலேயே அந்தச் சதுரத்தைக் குறித்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளின் பக்கத் தாங்கி ஊன்றும் இடத்தில் கல் பெயர்ந்தது. உள்ளங்கையகலம் வெட்டியெடுத்து, அதே கல்லில் புதிதாகப் போட்டோம். பிடிப்பு உறுதியாக இருக்கிறது. நிறம் மட்டும் சேரவில்லை, பழையது வெயிலில் மங்கிவிட்டதால். இப்போது தாங்கிக்கு அடியில் ஒரு கடப்பைக்கல் துண்டு வைக்கிறோம். மீந்த கல்லில் அரை மூட்டையைக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த பழுதுக்கு அதே கல் வேறெங்கும் கிடைக்காது.